திருப்பிப் போட்ட பலகை

வெஸ்ட்பி, விஸ்கான்சின்
அக்டோபர் 8, 1978

அன்புள்ள ரக்னா,

இங்கே நான், உன் அண்ணி டோர்டிஸ், மாடுகள் எல்லோரும் சுகம். அந்த வெயில் ஊரில் நீயும் சுகமாய் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கொட்டகை எரிந்து சாம்பலான வருஷத்துக் கடிதத்தைக்கூட அப்பா 'எல்லோரும் சுகம்' என்றுதான் ஆரம்பித்தார் என்று நீ கேலி செய்வாய். என்ன செய்ய, அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

விமானத்தின் இறக்கைகளுக்குத் துணி போர்த்தி முடித்துவிட்டேன். உடல் பகுதி கொட்டகையில் தன் சக்கரத்தின் மேலேயே நிற்கிறது. டோர்டிஸ் காபி கொண்டுவரும்போதெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது பறக்கறதுக்குள்ள நமக்கே றெக்கை முளைச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

இனிக் கருவிப் பலகைதான் பாக்கி. எந்த மீட்டரை எங்கே வைப்பது என்று எனக்குத் திட்டம் போட்டுக் கொடு. ஊரிலுள்ள விமானங்களின் மீட்டர்களையெல்லாம் பிரித்து மாட்டுகிற தங்கையை வைத்துக்கொண்டு நான் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்? பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட். திருப்ப ஆளுக்கொரு ஸ்டிக். எஞ்சினுக்கு வேகம் கொடுக்கிற த்ராட்டில் நடுவில், இருவருக்கும் பொது.

ஒரு சின்ன விஷயம். என் பறக்கும் சான்றிதழில் இந்த வருஷம் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். மரத்தூள் இருமல்தான், உப்புத்தாளைக் கையில் எடுத்தாலே வந்துவிடுகிறது. அடுத்த ஆகஸ்டுக்குள் இது பறக்க வேண்டும், அதில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

மறந்துவிட்டேனே. உன் வலது கையைத் தோளிலிருந்து விரல்நுனி வரை அளந்து எழுது. உட்கார்ந்தால் எவ்வளவு உயரம் என்றும் எழுது. அளவு பார்க்க இங்கே உட்கார ஆள் இல்லை, உன் அண்ணி மாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
ஹால்வர்


விச்சிட்டா, கான்சாஸ்
அக்டோபர் 21, 1978

அண்ணா,

உன் உறையைப் பிரித்ததும் முதலில் மரத்தூள்தான் கொட்டியது, அப்புறம்தான் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். அந்த இருமல் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன படத்தை எடுத்துவிடு. உன் வாயால் சுகம் என்று கேட்டால் நான் நம்பமாட்டேன், அண்ணியை எழுதச் சொல்.

பலகைக்கு வருவோம். முதலில் அலுமினியத்தைத் தொடாதே. அட்டையில் வெட்டு. மீட்டர்களைத் தாளில் வட்டம் வட்டமாக வெட்டி அட்டையில் குத்தி வை. அப்புறம் உள்ளே ஏறி உட்கார்ந்து, ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, வாயால் எஞ்சின் சத்தம் போடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கே டை கட்டிய இஞ்சினியர்களும் கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் செய்கிறார்கள். சத்தம் போடும்போதுதான் கண் எங்கே போகிறது, கை எங்கே போகிறது என்று தெரியும். ஓட்டுகிறவனுக்கு நேர் எதிரே வேக மீட்டரும் உயர மீட்டரும் இருக்க வேண்டும், அவற்றுக்குக் கீழே சாய்வு காட்டும் குண்டு. எஞ்சின் மீட்டர்கள் நடுவில் இருந்தால் போதும்.

முக்கியமாக ஒன்று. அலுமினியத்தில் பென்சிலால் கோடு போடாதே. பென்சில் கரி அந்த உலோகத்தைத் தின்னும். மேலே துடைத்துவிட்டாலும் உள்ளே இறங்கினது இறங்கினதுதான், வருஷம் போகப் போகக் கோடு பள்ளமாகிவிடும். எங்கள் பட்டறையில் பென்சிலோடு வருகிறவனை வாசலிலேயே நிறுத்திவிடுவோம். நீ காதில் பென்சில் செருகிக்கொண்டு மாதா கோவிலுக்கே போகிறவன் என்பதால் சொல்கிறேன். ஸ்கெட்ச் பேனா வாங்கிக்கொள்.

என் வலது கை இருபத்தெட்டரை அங்குலம். இடது கையை நீ கேட்கவில்லை, நல்லதாய்ப் போயிற்று. பதினொரு வயதில் போலியோ வந்தபோது சூம்பினது இன்னும் அப்படியே இருக்கிறது. காபிக் கோப்பையைப் பிடிக்கும், கதவைத் தள்ளும். அதற்கு மேல் அதனிடம் நான் எதுவும் கேட்பதில்லை.

டாக்டர் கையெழுத்துப் போடவில்லை என்றால் விமானத்தை யார் ஓட்டுவது? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

உன் ரக்னா


வெஸ்ட்பி
நவம்பர் 12, 1978

அன்புள்ள ரக்னா,

எல்லோரும் சுகம். முதல் பனி விழுந்துவிட்டது. மாடுகளை உள்ளே கட்டியாயிற்று.

நீ சொன்னபடி அட்டையில் வெட்டினேன். உள்ளே உட்கார்ந்து வாயால் எஞ்சினைக் கிளப்பி நல்ல உயரத்தில் போய்க்கொண்டிருக்கிறேன், கொட்டகை வாசலில் பாஸ்டர் லியன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"என்ன ஹால்வர், எங்க போயிட்டிருக்கீங்க?" என்றார்.

"இப்பதான் மினசோட்டா தாண்டினேன் பாஸ்டர். காபி ஆறிடும்னா இறங்கிடறேன்."

"இறங்கும்போது பார்த்து இறங்குங்க, ஜன்னல்ல கோழி உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டோர்டிஸிடம் என் மண்டை நிலவரம் பற்றி விசாரித்தாராம். டோர்டிஸ், "கல்யாணத்துக்கு முன்னாடியே அப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் படம் எடுத்தார். படம் நன்றாக விழுந்திருக்கிறதாம்.

ஓட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டது. நல்ல ஆள். நான் பக்கத்தில் பயணியாக உட்கார்ந்து வருவேன், அதற்கு எந்த டாக்டரின் கையெழுத்தும் வேண்டாம். இதோடு ட்ரேசிங் தாளில் பலகையின் படம் வைத்திருக்கிறேன். பயணிக்கு எதிரே மாட்ட வேண்டிய எச்சரிக்கைத் தகடும் படத்தில் இருக்கிறது பார். 'பயணி கவனிக்க: இது வீட்டில் கட்டிய விமானம். அரசாங்கப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல.' அதை மாட்டாவிட்டால் அதிகாரி அனுமதி தரமாட்டார். டோர்டிஸ் அதே மாதிரி ஒன்றை என் கழுத்தில் மாட்டவேண்டும் என்கிறாள்.

படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு எழுது.

ஹால்வர்


விச்சிட்டா
நவம்பர் 24, 1978

அண்ணா,

நன்றி நாளுக்கு உங்கள் வீட்டு வான்கோழி விருந்து நன்றாக நடந்திருக்கும். நான் பட்டறைக்காரர்களோடு சாப்பிட்டேன். வயிறு மட்டும் சரியில்லை, மற்றபடி நலம்.

படத்தைப் பார்த்துப் பட்டறையே சிரித்தது. ட்ரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு வரைந்துவிட்டாய். பலகையைப் பின்பக்கமிருந்து அளந்து வரைகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதைச் செய்வார்கள், எங்கள் மேஸ்திரி செய்து ஒரு நல்ல தகட்டையே பாழாக்கியிருக்கிறார். உன் படத்தில் வேக மீட்டர், உயர மீட்டர் எல்லாம் வலது கோடியில் இருக்கின்றன. எச்சரிக்கைத் தகடு இடது கோடியில். உன் கணக்குப்படி பைலட்தான் பயணி, பயணிதான் பைலட்.

பைலட் உட்காருவது இடது சீட் அண்ணா. இடது கை ஸ்டிக்கில், வலது கை நடு த்ராட்டிலில். இதை என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பத்தொன்பது வயதில் நானும் ஒருநாள் அந்த இடது சீட்டில் உட்கார்ந்தேனே. என் இடது கை நழுவி நழுவி விழுந்ததைப் பார்த்து, கற்றுத்தர வந்த பயிற்சியாளன், "வீட்டுக்குப் போய் ஸ்வெட்டர் பின்னும்மா. ஓ, அதுக்கும் ரெண்டு கை வேணுமோ" என்றான். நீ வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாய். அதற்கப்புறம் நீ ஓட்ட, நான் வலது சீட்டில் உட்கார்ந்து மீட்டர்களை உரக்கப் படிப்பது என்று ஆகிவிட்டது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

படத்தை நேராக்கிக்கொள்கிறேன். அந்த நல்ல ஆள் யார்? பெயர் இல்லாத ஆளா? பக்கத்துப் பண்ணை க்ளென்னா?

இருமல் பற்றி ஒரு வரி எழுது.

ரக்னா


வெஸ்ட்பி
டிசம்பர் 10, 1978

அன்புள்ள ரக்னா,

சுகம்.

படம் சரியாகத்தான் இருக்கிறது. நான் தாளைத் திருப்பிப் போடவில்லை. மாற்றாதே.

க்ளென் இல்லை. ஆளுக்கு இன்னும் ஓட்டத் தெரியாது. தனக்கு வரவே வராது என்று அந்த ஆளே நினைத்துக்கொண்டிருக்கிறது. அது என் கவலை.

கிறிஸ்துமஸுக்கு வா. டோர்டிஸ் லெஃப்சே ரொட்டி சுடுகிறாள். மாதா கோவிலில் லூட்டஃபிஸ்க் மீன் போடுகிறார்கள், நாற்றத்துக்குப் பயந்து வராமல் இருந்துவிடாதே. நேரில் உட்கார வைத்து உன்னிடம் ஒன்று காட்ட வேண்டும். டெலிபோனில் சொல்லலாம் என்றால் பல வீட்டுக்கும் பொதுவான நம் லைனில் மிஸஸ் டோர்கெல்சன் காதை வைத்துக்கொண்டிருப்பாள்.

கட்டாயம் வா.

ஹால்வர்


விச்சிட்டா
ஜனவரி 28, 1979

அண்ணா, அண்ணி இருவருக்கும்,

புது வருஷம் உங்களுக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு வரமுடியவில்லை. பட்டறையில் வேலை குவிந்துவிட்டது. அண்ணி அனுப்பிய லெஃப்சே பொட்டலம் வந்தது, ஒரே மூச்சில் தின்று தீர்த்தேன்.

ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை என்று கேட்பாய். குவிந்த வேலையில் பாதி உன் வேலை. பலகையை நானே செய்துவிட்டேன். தகடு வெட்டி, துளை போட்டு, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து, எழுத்துப் பொறித்து, மீட்டர்களையெல்லாம் சோதித்து மாட்டிப் பெட்டியில் அடைத்து நேற்று லாரியில் ஏற்றியாயிற்று. நீ ஸ்க்ரூவை முடுக்கினால் போதும். 'படம் சரிதான்' என்று நீ முறைத்துக்கொண்டதை நான் பொருட்படுத்தவில்லை. தாளைத் திருப்பிப் போட்டவர்கள் எல்லோரும் முதலில் அப்படித்தான் சாதிப்பார்கள். எல்லாம் முறைப்படி இடது பக்கம் இருக்கிறது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். மீட்டரைப் பழுதுபார்த்து மூடுவதற்கு முன்னால் உள்ளே ஒரு வரி எழுதுவோம். அடுத்தமுறை அதைத் திறக்கிறவன் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஒருவன் முதலாளியைத் திட்டியிருப்பான், ஒருவன் பெண் பிறந்ததை எழுதியிருப்பான். உன் பலகையின் முதுகிலும் ஒரு வரி எழுதியிருக்கிறேன், ஸ்கெட்ச் பேனாவால்தான். அது எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கும், யார் கண்ணிலும் படாது. நீயும் தேடிப் பார்க்காதே.

புதுப் பைலட்டுக்கு என் வாழ்த்தைச் சொல். பெயர் தெரிந்தால் பெயரோடு சொல்லியிருப்பேன்.

ரக்னா


விச்சிட்டா
மார்ச் 4, 1979

அண்ணா,

சுகமா? பெட்டி வந்ததா? வந்து சேர்ந்துவிட்டது என்று லாரிக் கம்பெனிக்காரன் சொல்கிறான், நீ ஒன்றும் சொல்லவில்லை. உன் படத்தைப் பார்த்துப் பட்டறையே சிரித்தது என்று எழுதினேனே, அதில் கோபமா? கோபம் என்றால் இரண்டு வரி திட்டி எழுது. உன் திட்டு எனக்குப் பழக்கம். பேசாமல் இருப்பதுதான் பழக்கமில்லை.

ரக்னா


வெஸ்ட்பி
மார்ச் 25, 1979

அன்புள்ள ரக்னா,

எல்லோரும் சுகம். கோபமில்லை.

பெட்டி வந்தது. இவ்வளவு அழகான வேலையை நான் பார்த்ததில்லை. மாட்டிக்கொண்டிருக்கிறேன். குளிரில் கை சொன்னபடி கேட்கவில்லை, அதனால் மெதுவாக நடக்கிறது. எழுத்தும் கோணலாய் இருக்கும், பொறுத்துக்கொள்.

அங்கே விமானம் ஓட்டக் கற்றுத் தருகிறவர்களில் வலது சீட்டில் உட்கார வைத்துக் கற்றுத் தருகிற ஆள் யாராவது இருந்தால் விசாரித்து வை. ஓட்டப்போகிற ஆளுக்காகக் கேட்கிறேன்.

உன் அண்ணன்


வெஸ்ட்பி
மே 20, 1979

அன்புள்ள ரக்னா,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். மாடுகளை க்ளென் பார்த்துக்கொள்கிறான்.

ஏப்ரலில் நான் டெலிபோன் செய்து நீ ஓடிவந்தபோது உன் அண்ணனுக்குப் பேச்சு அடங்கியிருந்தது. "பைலட் யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லலியே அண்ணா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டாய். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவேண்டியதை நான் சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டேன். அடக்கம் முடிந்ததும் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நீ காரில் ஏறினாய். எங்கள் இருவர் மேலும் உனக்குக் கோபம். அது நியாயம்தான்.

நுரையீரலில் புற்று வந்திருக்கிறது என்று நவம்பரிலேயே தெரியும். உனக்கு எழுதச் சொல்லிச் சண்டை போட்டேன். "அவளுக்குத் தெரிஞ்சா எனக்காகப் பரிதாபப்பட்டுக் கத்துக்குவா. அப்படிக் கத்துக்கிட்டா நான் போனதும் விட்டுருவா. அவ தனக்காகக் கத்துக்கணும்" என்றார்.

ரக்னா, பைலட் நீதான். அவர் தாளைத் திருப்பிப் போடவில்லை. வலது சீட்டில் உட்கார்ந்தால் ஸ்டிக் வலது கைக்கு வரும், இடது கைக்கு த்ராட்டிலைத் தள்ளுகிற வேலை மட்டும்தான். "கதவைத் தள்ளுற கை த்ராட்டிலைத் தள்ளாதா?" என்று உன் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். வேலிக்கு வெளியே நின்று அந்தப் பயிற்சியாளன் சொன்னதைக் கேட்டாரே, அன்றைக்கு நினைத்தது இது. அதனால்தான் இரண்டு சீட் விமானம். கிறிஸ்துமஸுக்கு நீ வந்தால் அந்தச் சீட்டில் உட்கார வைத்துச் சொல்வதாக இருந்தார்.

உன் பெட்டி வந்த அன்று பால் கறக்கும் முக்காலியில் உட்கார்ந்து திறந்தார். பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமல் நின்றபோது அழுதுகொண்டிருந்தார். "எங்க பொழப்பைப் பாரு டோர்டிஸ். நான் அவளுக்காகத் திருப்பி வெச்சேன், அவ எனக்காக நேரா வெச்சிட்டா" என்றார்.

வேறு தகடு வெட்டலாம் என்று க்ளென் சொன்னான். கேட்கவில்லை. பலகை இரண்டு பக்கமும் ஒரே வடிவம்தானே. மீட்டர்களையெல்லாம் கழற்றித் தகட்டையே முன்பின்னாகத் திருப்பிப் போட்டுவிட்டார். உன் சாம்பல் பெயின்ட் எஞ்சின் பக்கம் போய்விட்டது, வெறும் தகடு சீட்டைப் பார்த்து நிற்கிறது. நீ இடது பக்கம் போட்ட துளைகள் வலது பக்கம் வந்துவிட்டன. கொஞ்ச நேரம் வேலை, ரொம்ப நேரம் முக்காலி என்று மார்ச் முழுக்க அதிலேயே போனது. க்ளென் உதவிக்கு வந்தால், "இது அண்ணன் தங்கச்சி விவகாரம், நீ போய்ப் பசுவைப் பாரு" என்று விரட்டினார். கடைசி ஸ்க்ரூ வரை அவரே மாட்டினார்.

வெறும் தகடு பார்க்க நன்றாக இல்லை, துடைத்துப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறான் க்ளென். என்ன நிறம் என்று உன்னைக் கேட்கச் சொன்னான். அதன்மேல் உன் எழுத்து ஏதோ இருக்கிறது. நான் படிக்கவில்லை. மற்றவர்கள் எழுதினதைப் படிக்கிற பழக்கம் மிஸஸ் டோர்கெல்சனோடு நிற்கட்டும்.

நீ வந்து பார்க்கிறவரை க்ளென்னைத் தொடவிடமாட்டேன்.

டோர்டிஸ்


விச்சிட்டா
ஆகஸ்ட் 26, 1979

அன்புள்ள அண்ணி,

சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. சுகமில்லை அண்ணி. நம் வீட்டுக் கடிதங்களில் இதை எழுதுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். நீ எப்படி இருக்கிறாய்? நீயும் உள்ளபடி எழுது.

போன வாரம் அங்கே வந்தபோது கொட்டகைக்குள் போய்விட்டு வந்து நீ சுட்ட ருபார்ப் பலகாரத்தைத் தின்றேன். நீ முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டில் இன்னொரு துண்டை வைத்தாய். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வலது சீட்டில் உட்கார்ந்தேன். கையை நீட்டினால் ஒவ்வொரு சுவிட்சும் விரல்நுனியில் வந்து நிற்கிறது, எட்டவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம். என் இருபத்தெட்டரை அங்குலம். இடது கையை த்ராட்டிலில் வைத்துத் தள்ளிப் பார்த்தேன். போனது.

அந்தப் படத்தைப் பார்த்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வேறு யாருடைய படமாக இருந்தாலும் 'இது இடது கை வராத ஆளுக்காக வரைந்தது' என்று நானே சொல்லியிருப்பேன். என் ஒருத்திக்காக ஒரு விமானத்தையே திருப்பிக் கட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வராமல் இருந்ததும் பட்டறை வேலையால் இல்லை அண்ணி. யாரோ ஒரு பெயர் தெரியாத பைலட் மேல் பொறாமை. என் மேலேயே பொறாமைப்பட்டுக்கொண்டு அந்த இரண்டு நாளும் இங்கே தனியாக சூப் குடித்தேன்.

உயர மீட்டருக்கு ஒரு திருகு உண்டு, அதற்காகத் துளையின் இடது கீழ் மூலையில் ஒரு வெட்டு விடவேண்டும். தகட்டைத் திருப்பியதில் அந்த வெட்டு வலது பக்கம் போய்விட்டது. அண்ணன் இடது பக்கம் புதிதாக அரத்தால் ராவியிருக்கிறான். கோணல்மாணலாக, பல் பல்லாக இருக்கிறது. அவன் கோணலாக ராவி நான் பார்த்ததில்லை. விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குளிரில் கை கேட்கவில்லை என்று எழுதியிருந்தான்.

எச்சரிக்கைத் தகட்டை இடது கோடியில் மாட்டியிருக்கிறான், படத்தில் இருந்தபடியே. அதற்குக் கீழேதான் நான் எழுதினது இருக்கிறது. பயணி சீட்டுக்கு எதிரே, பலகையின் முதுகில் எழுதினேன். திருப்பியதும் அது இப்போது இடது சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீ படிக்கவில்லை என்பதால் சொல்கிறேன். 'இந்தச் சீட் ரக்னாவுக்கு. வேறு யாரும் உட்காரக் கூடாது' என்று எழுதியிருந்தேன். யாரோ ஒருவன் ஓட்டினாலும் அண்ணன் பக்கத்தில் என் இடம் என் இடம்தான் என்று சொல்லத் தோன்றியது. நேராகச் சொல்ல வரவில்லை.

அண்ணன் அதில் என் பெயரை மட்டும் அடித்துவிட்டு, மேலே தன் பெயரை எழுதியிருக்கிறான். 'இந்தச் சீட் ஹால்வருக்கு. வேறு யாரும் உட்காரக் கூடாது.'

ஜூனிலிருந்து நான் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இங்குள்ள ஒரு பயிற்சியாளரிடம் வலது சீட்டில்தான் உட்காருவேன் என்று சொன்னேன். "ஏம்மா, இருபது வருஷமா நான் உக்கார்ற இடம் அது" என்று தலையைச் சொறிந்தார். "எங்க வீட்டு விமானத்துல பைலட் அந்தப் பக்கம்தான்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே இடம் மாறி உட்கார்ந்தார். நேற்று அவர் கீழே இறங்கி நின்றுகொண்டு என்னைத் தனியாக ஒரு சுற்று அனுப்பினார். மேலே போனதும் பழக்கத்தில் மீட்டர்களை உரக்கப் படித்தேன். கேட்க ஆள் இல்லை. இடது சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை படித்துவிட்டு, இறக்கினேன்.

க்ளென் முதலில் ஓட்டிச் சரிபார்க்கட்டும், வலது சீட்டிலிருந்து. அவன் பக்கத்தில் யாரையும் ஏற்றக் கூடாது. உரிமத்தோடு நான் வந்தபிறகு நான் ஓட்டுவேன். உன்னைக்கூட ஏற்றமாட்டேன் அண்ணி, கோபித்துக்கொள்ளாதே.

பெயின்ட் வேண்டாம் என்று க்ளென்னிடம் சொல்லிவிடு. தகட்டைத் துடைக்கவும் வேண்டாம். அண்ணன் தன் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறான். அவ்வளவு சொல்லியும் பென்சில்தான். அது இந்நேரம் உலோகத்தில் இறங்க ஆரம்பித்திருக்கும்.

உன்
ரக்னா